எஃப் ஃபைவ் மூன்று தடவை

கடலூர், சிதம்பரம் பக்கத்துப் போட்டோக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கமும், விற்பனைக்கு இருக்கும் பழைய பிரின்டரும்தான் பெரும்பாலும் அதில் வரும். போன மாதம் ஒரு தம்பி என் பெயரைப் போட்டு எழுதியிருந்தார்: “ஜெசிந்தா அக்கா, நீங்க அந்தக் காலத்துல மௌஸையே தொடாம வேல செய்வீங்களாமே. இப்பல்லாம் வாயால சொன்னா அதுவே பண்ணிடுது. இருந்தாலும் உங்க ஷார்ட்கட் லிஸ்ட்ட இங்க போடுங்க, சும்மா தெரிஞ்சிக்கலாம்.”

சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களை ஏமாற்றக் கூடாது. கன்ட்ரோல் ஓ அழுத்தினால் படம் திறக்கும். கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் சேமிக்கும். கன்ட்ரோல் இசட் அழுத்தினால் கடைசியாகச் செய்த தப்பு மறையும். ஒரே ஒரு தப்புதான். அதற்கு முந்தைய தப்புகளுக்கும் போக வேண்டுமென்றால் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். இந்த மூன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டே ஒருவர் எங்களுக்கு முதலாளியாக இருந்தார். மீதியை நான் சொல்கிறேன்.

2004 வரை நான் கடலூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தமிழ் ஹையர், இங்கிலீஷ் ஹையர் இரண்டும் பாஸ். மாணவர்கள் ஒவ்வொருவராக எதிர்மாடி கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்விட, கடைசியில் நானும் பதினோரு மெஷின்களும் மட்டும் மிஞ்சினோம். செம்மண்டலத்தில் வாடகை வீடு, படிக்கிற பிள்ளைகள் இரண்டு, எனக்கு வயது நாற்பத்திரண்டு. தங்கராசு கலர் லேபில் ஆள் எடுக்கிறார்கள் என்று பங்குக் கோயிலில் பூசை முடிந்து வரும்போது யாரோ சொன்னார்கள்.

தங்கராசு சார் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கீபோர்டின் மேல் போட்டு மூடினார். “எம் பேர அடிங்கம்மா” என்றார். துண்டுக்கு அடியில் கையை விட்டு அடித்தேன். திரையில் அவர் பெயர் இனிஷியலோடு வந்ததைப் பார்த்து, ஏதோ படம் தானாகக் கண்ணைத் திறந்ததுபோல மகிழ்ந்துபோனார். மறுநாள் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி பத்து நாள். அதில் நான்கு நாள் கரன்ட் இல்லை.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. மெனுவைத் திறந்து தேடி க்ளிக் செய்கிறவர்கள் வேலை தெரியாதவர்கள். கவுன்ட்டருக்கும் எங்கள் அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். உள்ளே மௌஸ் க்ளிக் சத்தம் கேட்டால் ஒரு தடவை இருமுவார். இரண்டு க்ளிக் என்றால் இரண்டு இருமல். மூன்றாவது க்ளிக்குக்கு எழுந்து வந்துவிடுவார். கத்த மாட்டார். மிகவும் மரியாதையாக, “எலி புடிக்கிறீங்களாம்மா?” என்று கேட்பார். கஸ்டமர்கள் அவருக்கு ஆஸ்துமா என்று நினைத்துத் தூதுவளை சாப்பிடச் சொன்னார்கள்.

சனிக்கிழமைகளில் மதியம் வரை மௌஸைப் பிடுங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவார். வெள்ளிக்கிழமை எனக்கு வீட்டில் கறி கிடையாது, சனிக்கிழமை கடையில் மௌஸ் கிடையாது. இரண்டு விரதத்தையும் ஒழுங்காகக் கடைப்பிடித்ததற்கு மோட்சத்தில் ஏதாவது பார்த்துச் செய்வார்கள் என்று நம்புகிறேன்.

மௌஸ் இல்லாமல் தலையை எப்படி வெட்டுவது என்று நீங்கள் கேட்கலாம். அதற்குத்தான் எஃப் வரிசைக் கீகள். ஒரு வேலையை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை செய்து காட்டிப் பதிந்துவிட்டால், பிறகு அந்தக் கீயைத் தட்டியதும் எல்லாம் தானாக நடக்கும். எஃப் டூவில் பாஸ்போர்ட் சைஸ். ஆனால் கீக்குக் கண் கிடையாது, பதிந்த இடத்தில்தான் வெட்டும். அதனால் தங்கராசு சார் கீயை மாற்றவில்லை, மனிதர்களை மாற்றினார். ஸ்டூலைத் தரையில் ஆணி அடித்து நிறுத்தினார். கேமரா ஸ்டாண்டின் மூன்று காலுக்கும் பெயின்ட்டில் வட்டம் போட்டார். சுவரில் ஒரு கோடு. தலை அந்தக் கோட்டுக்கு வந்தால் எஃப் டூ சரியாக வெட்டும். குள்ளமானவர்களுக்கு அடியில் டெலிபோன் டைரக்டரி, குழந்தைகளுக்கு இரண்டு டைரக்டரி. உயரமானவர்களைக் கொஞ்சம் கூனச் சொல்வோம். அந்த வருடங்களில் கடலூரிலிருந்து துபாய்க்குப் போன உயரமான ஆண்கள் பலர் பாஸ்போர்ட்டில் பவ்யமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

எஃப் த்ரீயில் கோட்டு, டை. எந்தச் சட்டையில் வந்தாலும் தட்டினால் நீலக் கோட்டும் சிவப்பு டையும் வந்துவிடும். பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவரும் அவருடைய மூன்று பிள்ளைகளும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டு போனார்கள். நான்கு பேருக்கும் ஒரே கோட்டு, ஒரே டை, டையில் ஒரே இடத்தில் ஒரே சுருக்கம். வாங்கிப் பார்த்த பெரியவருக்கு அவ்வளவு திருப்தி. “குடும்பம்னா இப்படித்தான் ஒத்துமையா இருக்கணும்” என்றார்.

எஃப் ஃபைவ்தான் கடையின் பெயரைக் காப்பாற்றியது. தட்டினால் முகத்திலுள்ள புள்ளி, கோடு எல்லாம் மழுங்கும், நிறம் ஒரு படி வெளுக்கும். இன்னொரு தடவை தட்டினால் இன்னொரு படி. எத்தனை தடவை என்பதைத் தங்கராசு சார்தான் முடிவு செய்வார், கஸ்டமரைக் கேட்டுக்கொண்டெல்லாம் இல்லை. அவர்கள் கண்ணாடி முன் தலை சீவும்போதே ஒரு பார்வை பார்த்து, ஆர்டர் கவரின் மூலையில் ஓர் எண்ணை எழுதிவிடுவார். ஆண் என்றால் ஒன்று, பெண் என்றால் இரண்டு, கல்யாணப் பேச்சு என்றால் மூன்று. கடற்கரைப் பக்கத்து ஊர் பெயரைச் சொல்லிவிட்டால் ஆணோ பெண்ணோ, எதற்கான படமோ, நேராக மூன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னையும் ஒரு படம் எடுத்தார். என் கவரில் நான்கு போட்டிருந்தது. “நம்ம ஸ்டாஃபுன்னு ரெண்டு ஜாஸ்தி போட்ருக்கேன்மா” என்றார். சிரித்தபடி நன்றி சொன்னேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

முடிந்ததும் கன்ட்ரோல் எஸ். பழைய முகத்தின் மேலேயே புது முகம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பழையதைத் தனியாக வைக்கலாமே என்று ஒரு தடவை கேட்டேன். “டிஸ்க்குல எடம் ஏதும்மா? அதுவும் இல்லாம பழைய மூஞ்சிய யாரு வந்து கேக்கப் போறாங்க?” என்றார்.

ஏழு வருடம் கழித்து ஒருத்தி வந்து கேட்டாள்.

அதற்குள் சிதம்பரம் மேலவீதிப் பக்கம் ஒரு கிளை திறந்து, கடலூர்க் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, தங்கராசு சார் என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஸ்டூல், ஆணி, சுவர்க்கோடு, இருமல் எல்லாம் கூடவே வந்தன. தினமும் காலையில் கடலூரிலிருந்து பஸ், சாயங்காலம் திரும்ப பஸ். 2011-இல் ஒரு வெள்ளிக்கிழமை கிள்ளையிலிருந்து கலைச்செல்வி என்ற பெண் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். இருபத்துமூன்று வயது இருக்கும். அப்பா இறால் பண்ணையில் கூலி. எம்.எஸ்சி. முடித்து, அரசு வேலைக்கு எழுதி, பாஸும் செய்துவிட்டாள். அவள் வீட்டில் அதுவரை யாரும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை.

“அக்கா, எம் மச்சம் எங்கக்கா?” என்றாள்.

விஷயம் இதுதான். விண்ணப்பத்தோடு கம்ப்யூட்டரில் ஏற்றிய படம் எங்கள் கடையில் எடுத்தது. கிள்ளை கடற்கரை ஊர் என்பதால் கவர் மூலையில் மூன்று. கடலூரில் சான்றிதழ் சரிபார்க்கிற அதிகாரி படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நிறம் பொருந்தவில்லை. சரி, வெயில் என்று விட்டுவிட்டு, பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்து அங்க அடையாளம் என்ற வரியைப் படித்தார். இடது கன்னத்தில் ஒரு மச்சம். அவள் கன்னத்தில் மச்சம் இருந்தது, படத்தில் இல்லை. ஆள்மாறாட்டம் நிறைய நடக்கிற காலம். வேறு ஒருத்தியின் படத்தை வைத்து யாரோ பரீட்சை எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுவிட்டார். படம் எடுத்த ஸ்டுடியோவிலிருந்து இது இவள்தான் என்று கடிதமும், திருத்தாத பழைய படமும் திங்கட்கிழமைக்குள் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆள்.

அரசாங்கத்துக்கு அவளைத் தெரிந்ததே அந்த மச்சத்தை வைத்துத்தான். அதை நான் ஒரு விரலால் துடைத்துவிட்டிருக்கிறேன். துடைத்தது எனக்கு ஞாபகம்கூட இல்லை. அன்றைக்கு எத்தனை கவரோ, எத்தனை மூன்றோ.

பழைய படம் கிடையாது. கன்ட்ரோல் எஸ் அதைத் தின்று ஏப்பம் விட்டிருந்தது. கேமரா கார்டிலும் அழித்தாயிற்று. தங்கராசு சாரிடம் போய்க் கடிதம் கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“நாங்க மூஞ்சிய மாத்துறோம்னு லெட்டர்பேடுல எழுதித் தரணுமா? நாளைக்கு எவன்மா கடைக்குள்ள வருவான்? சும்மா இருங்க. அந்தப் படத்தையே கொஞ்சம் கறுப்பாக்கி, கன்னத்துல ஒரு புள்ளி வச்சி, இதான் ஒரிஜினல்னு குடுத்துடுங்க. அஞ்சு நிமிஷ வேல.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. கலைச்செல்வியைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். ஏழு வருடத்தில் யாரையும் கறுப்பாக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்பதால் அதற்குக் கீ கிடையாது. கன்ட்ரோல் எல்லில் வெளிச்சத்தைக் குறைத்தேன். சாம்பல் பூசியது மாதிரி வந்தது. கன்ட்ரோல் இசட். கன்ட்ரோல் எம்மில் வெளிச்சத்துக்கான வளைகோட்டைக் கீழே இழுத்தேன். மூக்கு மட்டும் கறுத்தது. கன்ட்ரோல் யூவில் நிறத்தைக் கூட்டினேன். மஞ்சள் காமாலை. திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். நிஜ முகத்தில் கன்னத்துக்கு ஒரு நிறம், நெற்றிக்கு ஒரு நிறம், கழுத்துக்கு வேறொரு நிறம் இருந்தது. இதையெல்லாம் ஒரே தட்டலில் மழித்துவிட்டு, பிரித்து எடு என்றால் எப்படி எடுப்பது?

கடைசியில் மச்சம். பி அழுத்தினால் பிரஷ் வரும், அடைப்புக்குறிக் கீகளால் அதைச் சின்னதாக்கலாம். ஒரு புள்ளி வைத்தேன்.

“அங்க இல்லக்கா. கொஞ்சம் கீழ” என்றாள்.

கீழே வைத்தேன்.

“இவ்ளோ பெருசு இல்லக்கா. அப்புறம் இது உருண்டையா இருக்குது. என்னுது அப்படி இருக்காது.” தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். “அக்கா, இது பொய்னு கண்டுபுடிச்சிட்டாங்கன்னா? இப்ப சந்தேகம்தான் படுறாங்க. அப்ப கேஸே போட்ருவாங்கல்ல?”

ஒரு பொய்யைச் சரிசெய்ய இன்னொரு பொய்யை, அதுவும் இவள் வேலையை அடகு வைத்துச் செய்துகொண்டிருந்தேன். படத்தைச் சேமிக்காமல் மூடினேன்.

அப்போதுதான் சின்ன யோசனை ஒன்று வந்தது. மிகவும் சாதாரணமான யோசனை, சொன்னால் சிரிப்பீர்கள். பழைய படத்துக்குத் திரும்பிப் போக முடியாது. ஆனால் கீ அங்கேயே இருக்கிறது. கீக்கு மறதி கிடையாது.

அவளை ஆணியடித்த அதே ஸ்டூலில், அதே கோட்டில் உட்கார வைத்துப் புதிதாக ஒரு படம் எடுத்தேன். ஒன்றும் செய்யாமல் அப்படியே ஒரு பிரின்ட் போட்டேன். மச்சம், வெயில் எல்லாம் இருந்தன. பிறகு அதே படத்தில் எஃப் ஃபைவ். மச்சம் மங்கியது. இன்னொரு தடவை. நிழலானது. மூன்றாவது தடவை, காணோம். அதையும் பிரின்ட் போட்டு, அவளுடைய ஹால் டிக்கெட்டில் இருந்த படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே வெள்ளைக்காரப் பெண். தட்டாதது ஒன்று, ஒவ்வொரு தட்டலுக்கும் ஒன்று என மொத்தம் நான்கு பிரின்ட்டை வரிசையாக ஒரு அட்டையில் ஒட்டினேன். வெள்ளைத்தாளில் கடிதம் அடித்தேன். இந்த முகத்தை மாற்றியவள் நான், இந்தப் பெண்ணுக்கு அது தெரியாது என்று எழுதிக் கீழே என் பெயரும் விலாசமும் போட்டுக் கையெழுத்திட்டேன். கடை பெயரைப் போடவில்லை.

தங்கராசு சார் தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இருமவில்லை. “திங்கக்கெழம அங்க போனீங்கன்னா, செவ்வாக்கெழம இங்க வர வேணாம்மா” என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டும்வரை என் பெரியவனின் பாலிடெக்னிக் ஃபீஸ்தான் மனத்தில் ஓடியது. பயமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் அது எஃப் ஃபைவ் போட்ட பேச்சு.

திங்கட்கிழமை கடலூர் அலுவலகத்தில் பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு, “நீங்கதான் ஜெசிந்தாங்கிறதுக்கு என்ன ஆதாரம்?” என்றார். வாக்காளர் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

“ஏம்மா, இதுல இருக்கிறது யாரு?”

“நான்தான் சார். அது கவர்மென்ட்டு எடுத்தது, நாங்க எடுக்கல.”

பக்கத்து மேசை கிளார்க் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. நான் ஒட்டிக் கொண்டுபோன அட்டையை எடுத்து நான்கு படங்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கலைச்செல்வியை ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லிக் கன்னத்தைப் பார்த்தார். மூன்றாவது தட்டலின் படத்துக்குப் பக்கத்தில் ஹால் டிக்கெட்டை வைத்துப் பார்த்தார்.

“இத எல்லாருக்கும் பண்றீங்களா?”

“ஆமா சார்.”

“அவுங்க கேட்டுத்தானா?”

“கேக்காமலேயும் பண்ணுவோம் சார்.”

அவர் அட்டையைக் கீழே வைத்தார். “போன மாசம் சிதம்பரத்துலேருந்து எம் பையனுக்கு ஒரு பொண்ணு போட்டோ வந்துது...” என்று ஆரம்பித்து, கிளார்க் கவனிப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். கலைச்செல்வி அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவளுக்கு வேலை கிடைத்ததற்காகத்தான் அழுதேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போனேன். துரத்தினால் துரத்தட்டும் என்று போனேன். தங்கராசு சாருக்கு விஷயம் அதற்குள் தெரிந்திருந்தது. முகம் வாடியிருந்தது. “அவ்ளோ பெரிய ஆபீஸுல காட்டிருக்கீங்க. கடை பேர ஒரு ஓரமாப் போட்ருக்கக் கூடாதாம்மா?” என்றார். அடுத்த வாரமே வாசலில் ஒரு போர்டு தொங்கியது: இங்கு உள்ளது உள்ளபடி போட்டோவும் எடுக்கப்படும். பழைய படங்களை வைக்கத் தனி டிஸ்க்கும் வாங்கினார். கவர் மூலையில் எண் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. அரசாங்க வேலை என்றால் பூஜ்ஜியம், மற்றவர்களுக்குப் பழையபடி.

2012 கடைசியில், கன்ட்ரோல் கீயை அழுத்தி அழுத்தி இடதுகைச் சுண்டுவிரல் மடங்காமல் போய் நான் வேலையை விட்டேன். அதற்குச் சில வாரங்களுக்கு முன் கலைச்செல்வி கடைக்கு வந்தாள். நல்ல புடவை, கைக்கடிகாரம், கழுத்தில் அலுவலக அட்டை. அந்த அட்டையில் மச்சத்தோடு இருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஸ்டூலில் உட்கார வைத்து, “பூஜ்ஜியம்தானே?” என்றேன்.

“இல்லக்கா. இது மாப்ள வீட்டுக்கு அனுப்ப. மூணு போட்ருங்க.”

“நீயா சொல்ற?”

“ஆபீஸுல மச்சம் இருக்குதான்னு பாத்தாங்க, சரி. இவுங்க கலர மட்டும்தான் பாக்குறாங்க. மொதல்ல உள்ளபடி படம்தாங்கா அனுப்புனோம். ரெண்டு எடம். பதிலே வரல. அம்மா தெனம் அழுவுது.” அவள் குரலில் கோபமே இல்லை. ரேஷன் கடையில் என்ன கிடைக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். “என்னக்கா பண்ணச் சொல்றீங்க?”

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஓர் அதிகாரிக்கு முன்னால் தைரியமாக நின்றவள் ஓர் எஃப் ஃபைவுக்கு முன்னால் நிற்க முடியாமலா போகும் என்று நினைப்பீர்கள். என்னால் முடியவில்லை. மூன்று தடவை தட்டினேன்.

கலைச்செல்வி திரைக்குப் பக்கத்தில் வந்து, மச்சமில்லாத கன்னத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நல்லா இருக்காக்கா இவ” என்றாள்.